நான் வந்து சொல்கிற வரைக்கும்

"உங்க மகன்தான் அடிக்கடி வந்து கேட்டுட்டுப் போவாரு. இன்னிக்கு நீங்களே வந்துட்டீங்க" என்றாள் நீதிமன்ற நகல் பிரிவில் இருந்த இசைவாணி, மனுவை வாங்கிக் கட்டண வில்லையை ஒட்டிக்கொண்டே, நிமிர்ந்து பாராமல்.

பொன்னழகுக்கு அது உடனே மனதில் ஏறவில்லை. பழைய தாளும் பசையும் எலிப்புழுக்கையும், மூலையில் யாரோ தின்றுவிட்டு மூடாமல் வைத்திருந்த பிரியாணிப் பொட்டலமும் கலந்து வீசிய வாடையில், துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார். பொத்தினால் கௌரவமாக இராது. கரை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, முதுகு வளையாமல், அந்த மேசைக்கு முன்னால் நின்றார். அவர் குடும்பத்து ஆள் யார் முன்னாலும் கை கட்டி நின்றது கிடையாது. அவர் அப்பா நின்றதில்லை, அவர் நின்றதில்லை, அவர் மகனையும் நிற்க விட்டதில்லை.

"யாரையோ நினைச்சுச் சொல்றீகம்மா. எம் மகன் கோர்ட்டு வாசப்படியை மிதிச்சதே இல்ல."

"பொன்னழகு மகன் கண்ணன், அகரம். சேவல் கட்டு கேஸு. இதானய்யா?"

"அதான்."

"அப்ப அவரேதான்." அவள் முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். "அந்த ஜன்னலுக்கு வெளியவே நிப்பாரு. உள்ள வாங்கன்னா வரமாட்டாரு. கேஸ் முடிஞ்சிருச்சாக்கான்னு கேப்பாரு. முடிஞ்சுபோச்சு தம்பி, அபராதம் கட்டியாச்சு, வீட்டுக்குப் போங்கன்னு நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அதை அய்யா வந்து சொல்லணும்கா, அய்யா சொன்னாத்தான் போகலாம்னு அங்கயே நிப்பாரு. நீங்கதான் அந்த அய்யாவா? அம்புட்டுக் கண்டிப்பா வளத்திருக்கீங்க."

பொன்னழகு ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்கு அப்பால் வேப்பமரத்தின் அடியும், அதில் சாத்தியிருந்த ஒரு சைக்கிளும் தெரிந்தன. வேறொன்றும் இல்லை.

"கழுத்துல சுளுக்கா அவருக்கு?" என்று இசைவாணி கேட்டாள். "எப்பப் பாத்தாலும் தலையை இடது பக்கமாவே சாச்சு வச்சிருக்காரு. நல்லெண்ணெய் தடவி நீவி விடுங்கய்யா. வெளிய செத்த நேரம் உக்காருங்க, கேஸ் கட்டைத் தேடி எடுத்துட்டுக் கூப்பிடுறேன்."

பொன்னழகு வெளியே தாழ்வாரத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். யாரோ ஒரு கிறுக்கன் கண்ணன் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிறான். ஊரில் வயிற்றெரிச்சல்காரர்களுக்குக் குறைவா? கண்ணனுக்குத் தீயணைப்புத் துறையில் வேலை ஆகப் போகிறது. எழுத்துத் தேர்வில் தேறி, ஓட்டத்தில் தேறி, கயிறு ஏறித் தேறி, நன்னடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. அவர்கள் வகையறாவில் காக்கி உடுத்தப் போகும் முதல் பிள்ளை. விசாரணைக்கு வந்த கான்ஸ்டபிள் ஆண்டனிராஜ் மரியாதையாகத்தான் பேசினார். பழைய சில்லறைக் கேஸ் ஒன்று பேரில் இருக்கிறது, முடிந்ததற்கு நகல் இருந்தால் போதும், எடுத்து வையுங்கள் என்றார். அதற்காகத்தான் இந்த நடை.

தாழ்வாரத்தில் கூட்டம் குறைந்துகொண்டிருந்தது. வானம் மூடி, வெளிச்சம் பழுப்பாகியிருந்தது. உள்ளேயிருந்து டவாலி வெளியே வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு, ஆட்களை அழைக்கும் அந்த இழுத்த குரலில் கூப்பிட்டார். சௌகத் அலி என்று மூன்று முறை. ஒருவர் எழுந்து ஓடினார். அதே மூச்சில், அதே இழுப்பில், டவாலி இன்னொரு பெயரையும் கூப்பிட்டார்.

"அகரம் பொன்னழகு மகன் கண்ணன்... கண்ணன்... கண்ணன்..."

"வந்துட்டேனய்யா."

குரல் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து, கடைசித் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது. பணிவான இளங்குரல். தொண்டைக்குள் நீர் நிற்பது போன்ற ஒரு களகளப்பு அதில் இருந்தது. பொன்னழகு பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றினார். தூணின் ஓரத்தில் ஒரு சட்டைக் கை தெரிந்தது. நீலக்கட்டம் போட்ட சட்டை. அது ஈரமாக இருந்தது.

டவாலி தலையைச் சொறிந்துகொண்டு அவர் பக்கம் திரும்பினார். "லிஸ்ட்ல இல்லாத பேரு, என்னமோ வாயில வந்துருச்சு பாருங்க பெரியவரே. அதுக்கும் ஒருத்தன் வந்துட்டேங்கறான். ஊருக்குள்ள வேலைவெட்டி இல்லாதவன் கூடிப் போனான்."

பொன்னழகு சிரிக்க முயன்றார். மறுபடி பார்த்தபோது தூண் மட்டும் இருந்தது. அதன் அடியில், சிமெண்டுத் தரையில், ஒரு சிறு ஈரம். காற்றில் கோழிக்கூட்டு நெடி.

அந்தச் சட்டையை அவருக்குத் தெரியும். அதை எடுத்துக் கொடுத்ததே அவர்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், தை மாதத்தில், குடகனாற்று மணலில் நடந்த சேவல் கட்டில் போலீஸ் புகுந்தது. சேவலோடு பிடிபட்டவர்களில் பதினெட்டு வயது கண்ணனும் ஒருவன். பெயரை எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். கோர்ட்டுக்குப் போய், ஆமாம் என்று சொல்லி, அபராதம் கட்டிவிட்டு வந்தால் முடிந்தது. ஆனால் பொன்னழகின் மகன் கூண்டில் ஏறுவதா? கை கட்டி நின்று, குற்றவாளி என்று தன் வாயால் சொல்வதா? அப்படிப்பட்ட வீடுகளில் அப்போது செய்வதைத்தான் அவரும் செய்தார். ஆள் மாற்றி அனுப்பினார். தோட்டத்தில் கோழிகளையும் சேவல்களையும் பார்த்துக்கொண்டிருந்த வீரனுக்கும் கண்ணன் வயதுதான். கண்ணனின் நீலக்கட்டச் சட்டையைப் போட்டுவிட்டு, நேருக்கு நேர் நிறுத்தி, அவர் சொன்னார்:

"பேரு என்னன்னு கேட்டா கண்ணன்னு சொல்லணும். பொன்னழகு மகன் கண்ணன். போலீசு கேட்டாலும் அதான், அந்தச் சாமியே வந்து கேட்டாலும் அதான். முடிஞ்சதும் வேப்பமரத்தடியில நில்லு. நான் வந்து சொல்ற வரைக்கும் நீதான் கண்ணன். வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்கய்யா" என்றான் வீரன். புதுச்சட்டை கிடைத்த சந்தோஷத்தில் காலரைத் தடவிக்கொண்டே.

"அய்யா, கெடச்சிருச்சு" என்று உள்ளேயிருந்து இசைவாணி கூப்பிட்டாள்.

நகலை அவர் கையில் கொடுத்தபோது அவள் முகத்தில் ஒரு குழப்பம் இருந்தது. "அரசாங்க வேலைக்குன்னு மனுவுல எழுதியிருக்கீங்க, படிச்ச பிள்ளைதான? கையெழுத்துப் போடாம ரேகையில்ல வச்சிருக்காரு."

குற்றத்தை ஒப்புக்கொண்டார், அபராதம் செலுத்தினார் என்ற வரிகளின் கீழே ஊதாநிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை. மெஷினில் எடுத்த நகல் அது. மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்க, அது மட்டும் ஊதா. பொன்னழகு அதன்மேல் விரலை வைத்தார். விரல் வழுக்கியது. எடுத்துப் பார்த்தால், விரல் நுனியில் ஊதா மை.

வேட்டி மடிப்புக்குள் விரலை மறைத்துக்கொண்டு அவர் வெளியேறியபோது செல்போன் அடித்தது. ஆண்டனிராஜ்.

"காப்பி வாங்கிட்டீங்களாய்யா? நல்லதாப் போச்சு. சாயங்காலம் வீட்டுப் பக்கம் வாரேன். கண்ணனை இருக்கச் சொல்லுங்க. அந்தக் காப்பியில ரேகை இருக்குமாம்ல, அவர்கிட்டயும் ஒரு ரேகை எடுத்து ரெண்டையும் சேத்து அனுப்பச் சொல்றாங்க. ஆள் மாத்தி நின்ன கேஸெல்லாம் இப்பத் தோண்டுறாங்கய்யா. மாட்டுனா வேலையும் போகும், அனுப்பிவச்சவன் உள்ளயும் போகணும். உங்களுக்கென்ன, உங்க வீட்டுல அந்த மாதிரியெல்லாம் இருக்காது."

"இருக்காது" என்றார் பொன்னழகு.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மலைக்கோட்டைப் பாறையின் மேல் மேகம் கவிழ்ந்து, ஊரே ஒரு பாத்திரத்தால் மூடப்பட்டதைப் போல் இருந்தது. மல்லிகைக் கூடைகளை இறக்கிவிட்டுத் திரும்பும் பெண்கள் முன்னால் உட்கார்ந்து பூ விலையைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். வாடிய பூவின் வாசனைக்கு அடியில் வேறொரு வாடை மெல்லக் கிளம்பி வந்தது. இறகும் எச்சமும் உலர்ந்த ரத்தமும் சேர்ந்த சேவல் வாடை. அதற்கும் அடியில், பிணவறையில் தெளிக்கும் மருந்து நெடி.

"அகரம் ஒண்ணு" என்றார் அவர்.

கண்டக்டர் இரண்டு சீட்டுக் கிழித்தார்.

"ஒண்ணுதானப்பா கேட்டேன்."

"பின் படியில நிக்கிறாருல்ல உங்க மகன்? எங்கய்யா எடுப்பாருன்னு உங்களத்தான் கைகாட்டுறாரு. உள்ள ஏறி வான்னா கேக்க மாட்டேங்கறாரு. அந்தக் கழுத்தை வச்சுக்கிட்டுப் படியில தொங்குனா என் வேலைக்கில்ல வேட்டு. கொஞ்சம் சொல்லி வைங்கய்யா."

பூக்காரப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களில் இருவர் அகரத்துக்காரிகள். தன் மகன் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சு வளரும், அப்போது அது யார் என்று எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள். பொன்னழகு இரண்டு சீட்டுக்கும் பணம் கொடுத்தார். அகரம் வரும்வரை அவர் தலையைத் திருப்பவே இல்லை. ஆனால் நாலுவழிச் சாலையில் பேருந்து ஏறியபோது, அந்த இடம் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்தது.

அன்று அவர் வேப்பமரத்தடிக்குப் போகவில்லை. கோர்ட் வாசலில் தன்னை யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆவது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். பொழுது சாய்கிறவரை நின்ற வீரன், பிறகு நடந்தே ஊருக்குக் கிளம்பியிருக்கிறான். இந்தச் சாலையில் லாரி அடித்தது. ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டிருக்கிறார்கள். பொன்னழகு மகன் கண்ணன், அகரம். விடியும்வரை உயிர் இருந்ததாம். கேட்டவர்களுக்கெல்லாம் அதையேதான் சொன்னானாம். காலையில் போலீஸ்காரர் தகவல் சொல்ல வந்தபோது, பொன்னழகு தன் மகனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வாசலில் நிறுத்தினார். எம் மகன் இந்தா நிக்கிறான் என்றார். பிணவறைக்குக் கூட்டிப்போய் முகத்துத் துணியை விலக்கினார்கள். தலை இடது தோளில் கிடந்தது. நீலக்கட்டச் சட்டை.

யார் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கேட்க ஆளில்லாத பிணமாக அதைப் புதைத்தார்கள். வீரனின் தாய் சிவனம்மாளிடம், உன் மகன் திருப்பூர் மில்லுக்குப் போய்விட்டான் என்று சொல்லி, அவளுக்குத் தோட்டத்தில் நிரந்தரமாகப் பூ எடுக்கிற வேலையும் கொடுத்தார். கண்ணனிடமும் திருப்பூர் என்றுதான் சொன்னார். குடும்பம் தலைகுனியாமல் காப்பாற்றியாயிற்று என்று அன்று இரவு நன்றாகத் தூங்கினார். சேவல்களை மட்டும் மறுநாளே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சேவல் இல்லை.

அகரத்தில் இறங்கியபோது தனக்குப் பின்னால் இன்னொரு ஜோடிக் கால் இறங்கும் ஓசை கேட்டது. சப்பென்று, ஈரத் துணியைத் தரையில் அறைவது போல.

தெருக்கோடியில் அவர் வீடு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம். வாசல் கேட்டருகே சிவனம்மாள் பூக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். மூக்கை விடைத்துக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எம் மகன் வந்திருக்கானாய்யா?"

"என்ன உளறுற?"

"சேவ வாடை அடிக்குதுய்யா. அவன் மேலதான் இப்படி அடிக்கும். எம்புட்டுக் குளிச்சாலும் போகாது, நான்கூட வைவேன்." அவள் சிரித்தாள். "திருப்பூர்ல இருந்து வந்தா மொதல்ல உங்களப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவான். நீங்க சொல்லாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டான் எம்புள்ள."

"அதெல்லாம் யாரும் வரலை. பூவைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ."

அவள் போகவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே மின்சாரம் போயிற்று. அடுப்படியிலிருந்து அவர் மனைவி புவனேஸ்வரியின் குரல் வந்தது. "வந்துட்டீகளா? இவன் என்ன இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கான்?"

"எவன்?"

"கண்ணன்தான். உங்களுக்கு முந்தியே பின்வாசல் வழியா வந்தான். தொட்டியில கையைக் கழுவுறான் கழுவுறான், கழுவிக்கிட்டே இருக்கான். கூப்பிட்டாத் திரும்ப மாட்டேங்கறான். காப்பி வேணுமாடான்னா, அய்யா வரட்டும்கறான். என்னைக்கு இவன் உங்கள அய்யான்னான்?"

பொன்னழகு செல்போனை எடுத்துக் கண்ணனுக்கு அடித்தார். உடனே எடுத்தான்.

"தாடிக்கொம்புல இருக்கேன்ப்பா. வண்டி பஞ்சர். ஒட்டிக்கிட்டு இருக்காங்க, இந்தா வந்துருவேன்."

போனை அணைத்தார். கொல்லையில் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கூடத்திலிருந்து பின்வாசலுக்குப் போகும் நடையில் இருட்டு அடைந்திருந்தது. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார். அவர் பிறந்து வளர்ந்த வீடு, கண்ணை மூடிக்கொண்டு நடக்கலாம். ஆனாலும் அந்த நடை அன்று நீண்டுகொண்டே போவதாகவும், சுவர் வியர்த்திருப்பதாகவும், தன் மூச்சுக்கு எதிர்மூச்சாக இன்னொரு மூச்சு எங்கோ களகளவென்று இழுபடுவதாகவும் அவருக்குத் தோன்றியது. பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொட்டியருகே ஒருவன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். நீலக்கட்டச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தலை இடது தோளில் கிடந்தது, கொடியில் போட்ட துணி மாதிரி. வலது கைப் பெருவிரலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான். செம்பிலிருந்து விழுந்த தண்ணீர் ஊதாவாக ஓடி வந்து அவர் கால்விரலை நனைத்தது. சில்லிட்டிருந்தது.

அய்யா வந்து சொல்லணும். அய்யா சொன்னாத்தான் போகலாம்.

ஒரே ஒரு வார்த்தை. கேஸ் முடிஞ்சிருச்சுடா, நீ கண்ணன் இல்ல, வீரன், போ. அவ்வளவுதான். எட்டு வருஷமாக வேப்பமரத்தடியில் நிற்பவனுக்கு அதைச் சொன்னால் போதும். பொன்னழகு வாயைத் திறந்தார்.

"ஏலே..." என்றார்.

செம்பு நின்றது. முதுகு மெல்ல நிமிர்ந்தது. காத்திருந்தது.

"யாருகிட்டங்க பேசுறீக?" என்று பின்னாலிருந்து புவனேஸ்வரி கேட்டாள், அகல்விளக்கோடு. அதே நேரம் வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "ஐயா, உள்ள இருக்கீங்களா? ஆண்டனிராஜ் வந்திருக்கேன்."

சொன்னால் இவள் கேட்பாள். வாசலில் காக்கி கேட்கும். கேட்டருகே நிற்கிற தாய் கேட்பாள். நாளைக்கு ஊர் கேட்கும்.

பொன்னழகு வாயை மூடிக்கொண்டார். திரும்பி, முதுகை நேராக்கிக்கொண்டு, வாசலுக்குப் போனார்.

ஆண்டனிராஜ் நாற்காலியில் உட்கார்ந்து, நகலை வாங்கிச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்து முக்காலியில் வைத்தார். "கண்ணனைக் கூப்பிடுங்கய்யா. ஒரு நிமிஷ வேலை."

பொன்னழகு கூப்பிடவில்லை. மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணன் விரலை வைப்பான். ஒத்துப்போகாது. அவ்வளவுதான். வேலை போகும். மானம் போகும். பிணவறைவரை தோண்டுவார்கள்.

"நானே கூப்பிடுறேன்" என்று சிரித்தார் ஆண்டனிராஜ். "கண்ணன்."

கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது.

"கண்ணன்."

நடையில் ஈரக்கால்கள். சப். சப்.

எங்கோ ஒரு சேவல் கூவியது. பொழுது சாய்ந்து இருட்டப் போகிற நேரத்தில். வீட்டுக்குள்ளிருந்து.

"கண்ணன்."

"வந்துட்டேனய்யா."

பொன்னழகு நிமிர்ந்து பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார். இரண்டு வெறுங்கால்கள் வந்து நின்றன. நகத்துக்குள் மண். புதைத்த மண். ஒரு கை நீண்டது. பெருவிரலில் ஏற்கனவே மை இருந்தது. தாளில் அமுங்கியது. எழுந்தது.

ஆண்டனிராஜ் இரண்டு தாளையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "அச்சு அசலா இருக்கு. கை ஏன் தம்பி இம்புட்டுச் சில்லுனு இருக்கு? காச்சலா?" அந்தக் கை பின்னுக்குப் போயிற்று. "சரி. இவர்தான் உங்க மகன் கண்ணன்னு நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா எழுதி முடிச்சிருவேன் ஐயா."

கேட்டில் வண்டி உருளும் ஓசை. வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த கண்ணன், வியர்த்த முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு நின்றான்.

"அப்பா, யாருப்பா இவன்? ஏன் என் சட்டையப் போட்டுருக்கான்?"

ஆண்டனிராஜின் செல்போன் வெளிச்சம் அவன்மேல் திரும்பியது. "அது யாருங்கய்யா?"

இன்னும் நேரம் இருந்தது. சொல்லியிருக்கலாம். தாளில் ரேகை காய்ந்துகொண்டிருந்தது. காக்கிச் சட்டைப்பையில் பேனா தயாராக இருந்தது. பொன்னழகின் முதுகு வளையவில்லை.

"இவன்தான் எம் மகன் கண்ணன்" என்றார், பக்கத்தில் நின்ற நீலக்கட்டச் சட்டையைக் காட்டி. "அவன் தோட்டத்துல வேலை பாக்குறவன்."

"பேரு?"

"வீரன்."

கேட்டருகே ஏதோ முறிந்தது. பச்சை மூங்கில் முறிவது போல. வண்டி சாய்ந்து விழுந்தது. கண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அப்பா என்றுதான் அவன் உதடுகள் குவிந்தன. வெளியே வந்தது களகளப்பு. அவன் தலை மெல்ல, மிக மெல்ல, இடது தோளில் போய்ப் படுத்தது.

"வந்துட்டியா சாமி" என்றாள் சிவனம்மாள். கூடை கீழே விழுந்து பூ சிதறியது. அவள் அவன் கையைப் பிடித்தாள். முகத்தைத் தடவினாள். "இம்புட்டு இளைச்சுப் போய்ட்டியே. வா, வீட்டுக்கு வா." அவன் போனான். நடக்கத் தெரியாதவன் போல, காலை இழுத்து இழுத்து.

"சின்ன ரிப்போர்ட்தான், நல்லபடியா அனுப்பிர்றேன்" என்று ஆண்டனிராஜ் கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

புவனேஸ்வரி அகல்விளக்கை எடுத்து வந்து முக்காலியில் வைத்தாள். "கண்ணா, சாப்பிட வா. வெஞ்சனம் ஆறிப் போகுது" என்றாள், நீலக்கட்டச் சட்டையைப் பார்த்து. அவள் குரலில் இப்போது ஒரு குழப்பமும் இல்லை.

பொன்னழகுக்குப் பக்கத்தில், நெட்டி முறிக்கிற ஓசையோடு, ஒரு கழுத்து நிமிர்ந்தது.

"கேஸ் முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டது அது, கண்ணனின் குரலில்.

அப்போது மின்சாரம் வந்தது. தெருவிளக்கு எரிந்தது. விளக்குக் கம்பத்தடியில் சிவனம்மாள் வா வா என்று இழுத்துக்கொண்டிருந்தாள். அவன் நகரவில்லை. அவன் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. தோளில் கிடந்த தலை இந்த வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. யாராவது வந்து சொல்கிற வரைக்கும் போகாதவனாக, அவன் அங்கே நின்றான்.

கை கட்டி நின்றான்.